முகத்துக்கு முன்னால் உடையைப் பாருங்கள்

நீலப் பட்டு உடுத்திய ஒரு பையன் நம்மைப் பார்த்தபடி நிற்கிறான். ஒரு கை இடுப்பில். இன்னொரு கையில் இறகு செருகிய தொப்பி. கழுத்தில் லேஸ் காலர், முழங்காலோடு முடியும் கால்சட்டை, காலணியில் ரிப்பன். ‘நீலப் பையன்’ என்று உலகம் முழுக்க அறியப்பட்ட இந்தப் படத்தைத் தாமஸ் கெயின்ஸ்பரோ 1770 வாக்கில் வரைந்தார். நாள்காட்டியிலோ பிஸ்கட் டப்பா மூடியிலோ நீங்களும் பார்த்திருக்கக்கூடும்.

பார்த்ததும், அந்தக் காலத்து இங்கிலாந்துப் பணக்காரப் பிள்ளைகள் இப்படித்தான் உடுத்தினார்கள் போலிருக்கிறது என்று தோன்றும். அப்படி இல்லை. 1770இல் லண்டன் தெருவில் ஒரு பையன் இந்த உடையோடு நடந்து போயிருந்தால் ஊரே திரும்பிப் பார்த்திருக்கும். அவர்களுக்கே அது 140 வருடப் பழைய உடை. நம் ஊரில் இன்று ஒரு குடும்பம் ஸ்டூடியோவுக்குப் போய், ராஜா ராணி வேடம் போட்டுப் படம் எடுத்துக்கொள்வதைப் போன்றது.

18ஆம் நூற்றாண்டு ஆங்கிலேய உருவப்படங்களைப் புதிதாகப் பார்க்கத் தொடங்குகிற யாருக்கும் நான் முதலில் சொல்வது இதைத்தான்: முகத்தை அப்புறம் பார்க்கலாம், முதலில் உடையைப் பாருங்கள். முகம் பிறவியில் வந்தது. ஓவியர் அதில் கொஞ்சம்தான் கைவைக்க முடியும். உடையோ யாரோ யோசித்துத் தேர்ந்தெடுத்தது. யார் தேர்ந்தெடுத்தார்கள், எதற்காக, அதை வரைந்த கை யாருடையது என்று கேட்க ஆரம்பித்தால், வெறும் ‘பழைய வெள்ளைக்காரர் படம்’ என்று கடந்துபோன ஒன்று பேச ஆரம்பித்துவிடும்.

நீலப் பையனின் உடைக்கு ‘வான் டைக் உடை’ என்று பெயர். ஆன்தனி வான் டைக் பிளாண்டர்ஸ் நாட்டு ஓவியர். 1632இல் லண்டனுக்கு வந்து முதலாம் சார்லஸ் மன்னரின் ஓவியரானார், 1641இல் இறந்தார். அந்தச் சில ஆண்டுகளில் அவர் வரைந்த பிரபுக்களும் சீமாட்டிகளும் பட்டிலும் லேஸிலும் அலட்சியமாக, அழகாக நின்றார்கள். அந்தப் படங்கள் பெரிய குடும்பங்களின் கூடங்களில் தலைமுறை தலைமுறையாகத் தொங்கின. நூறு வருடம் கழித்து வந்தவர்களுக்கு ‘மேன்மக்கள்’ என்றாலே கண்முன் வந்து நின்றது அந்தத் தோற்றம்தான். அதனால் மாறுவேட நடனங்களுக்குப் போகும்போதும் சரி, படத்துக்கு உட்காரும்போதும் சரி, வான் டைக் காலத்து உடையைப் போட்டுக்கொள்வது வழக்கமாயிற்று. பழைய குடும்பத்துக்கு அது தாத்தா படத்தோடு ஒட்டியது. புதிதாகப் பணம் பார்த்த குடும்பத்துக்குத் தங்களுக்கும் ஒரு தாத்தா படம் இருப்பதைப் போன்ற தோற்றத்தைக் கொடுத்தது.

இதில் எனக்கு மிகவும் பிடித்த விவரம் ஒன்று. எக்ஸ்ரே எடுத்துப் பார்த்தபோது, நீலப் பையனுக்கு அடியில் வேறொரு ஆளின் முடிக்கப்படாத படம் தெரிந்தது. படம் தீட்டிய பழைய துணியையே கெயின்ஸ்பரோ திரும்பப் பயன்படுத்தியிருக்கிறார். பையனின் காலருகே ஒரு நாயையும் வரைந்து, பிறகு அதன்மேல் பாறையைப் பூசி மறைத்திருக்கிறார்.

படம் ‘ஆர்டர்’ செய்வது எப்படி?

அன்றைய லண்டனில் உருவப்படம் வரைவது ஒரு தொழில். நல்ல வருமானம் தந்த தொழில். கடவுளர் கதைகளையும் வரலாற்றுக் காட்சிகளையும் வரைவதுதான் உயர்ந்த கலை என்று எல்லோரும் சொன்னார்கள். ஆனால் அவற்றைக் காசு கொடுத்து வாங்க ஆளில்லை. தேவாலயங்கள் பெரிய படங்களைக் கேட்கவில்லை. தங்கள் முகத்தையும் மனைவி மக்கள் முகத்தையும் சுவரில் பார்க்க விரும்பியவர்கள்தான் ஏராளம். பிரபுக்களோடு வியாபாரிகள், கப்பல் தலைவர்கள், பாதிரியார்கள், நடிகைகள் எல்லோரும் வந்தார்கள்.

ஓவியர்களில் முதல் பெயர் ஜோஷுவா ரெனால்ட்ஸ். 1723இல் டெவன் மாவட்டத்துப் பிளிம்டனில் பிறந்தவர். இத்தாலியில் சில ஆண்டுகள் பழைய மேதைகளின் படங்களைப் பார்த்துப் படித்துத் திரும்பினார். 1758ஆம் ஆண்டில் மட்டும் ஏறத்தாழ 150 பேர் அவர் முன்னால் வந்து உட்கார்ந்தார்கள். யார், எந்த நாள், எத்தனை மணிக்கு என்று அவர் எழுதிவைத்த சிறு குறிப்பேடுகள் பல இன்றும் இருக்கின்றன. 1768 டிசம்பரில் ஓவியர்களின் சங்கமான ராயல் அகாடமி தொடங்கியபோது அதன் முதல் தலைவரும் அவரே.

விலை முகத்துக்கு அல்ல, அளவுக்கு. தலையும் தோளும் மட்டும் என்றால் 30க்கு 25 அங்குலம். முழங்கால் வரை என்றால் 50க்கு 40. முழு உருவம் என்றால் ஆள் உயரத்தையும் தாண்டிய 94க்கு 58 அங்குலம். இவை கடைகளில் தயாராகக் கிடைத்த அளவுகள். 1777இல் ரெனால்ட்ஸ் ஒருவருக்கு எழுதிய கடிதத்தில் விலையைத் தெளிவாகச் சொல்கிறார்: தலைக்கு 35 கினி, முழங்கால் வரை 70, முழு உருவத்துக்கு 150. ஒரு கினி என்பது 21 ஷில்லிங், அதாவது ஒரு பவுண்டும் ஒரு ஷில்லிங்கும். அதே லண்டனில் ஒரு வீட்டு வேலைக்காரப் பெண்ணுக்குச் சாப்பாடும் இடமும் போக ஆண்டுச் சம்பளம் பத்துப் பவுண்டை எட்டுவதே அரிது. முழு உருவப் படம் ஒன்றைப் பார்க்கும்போது இந்தக் கணக்கை மனதில் வைத்துக்கொள்ளுங்கள். அந்த அளவே ஓர் அறிவிப்பு.

அதே கடிதத்தில் இன்னொன்றும் சொல்கிறார். மூன்று முறை வந்து, ஒவ்வொரு முறையும் ஒன்றரை மணி நேரம் உட்கார்ந்தால் போதும். முகம் முடிந்த பிறகு மற்றதை உங்களுக்குத் தொந்தரவு இல்லாமல் முடித்துக்கொள்வேன் என்கிறார். இந்தக் கடைசி வரியைக் கவனியுங்கள், கொஞ்ச நேரத்தில் அதற்குத் திரும்பி வருவோம்.

அவருடைய வீடு லெஸ்டர் ஃபீல்ட்ஸில் இருந்தது, இன்றைய லெஸ்டர் சதுக்கம். வந்தவர்கள் உட்கார மேடைமேல் வைத்த ஒரு நாற்காலி. எப்படி நிற்பது, எப்படிச் சாய்வது என்று முடிவு செய்ய, அவர் முன்பு வரைந்த படங்களின் அச்சுப் பிரதிகள் அடங்கிய தொகுப்பைப் புரட்டிப் பார்க்கலாம். தையல்கடையில் மாதிரிப் புத்தகம் பார்த்து ‘இந்த மாதிரி வேண்டும்’ என்று சொல்வதைப் போலத்தான். அவர் முன் உட்கார்ந்த ஒரு சீமாட்டி பிற்காலத்தில் சொன்னது அழகான சித்திரம்: ரெனால்ட்ஸ் பல அடி பின்னால் நடந்து போய், தன்னையும் படத்தையும் சேர்த்து நெடுநேரம் பார்ப்பாராம், பிறகு விரைந்து வந்து ஆவேசமாகத் தூரிகையை வீசுவாராம், தவறிப்போய்ப் படத்துக்குப் பதில் தன்மேலேயே பூசிவிடுவாரோ என்று சில சமயம் நினைத்ததாகச் சொல்கிறார்.

உடையை வரைந்தது யார்?

முகம் முடிந்ததும் உட்கார்ந்தவர் வீட்டுக்குப் போய்விடுவார். உடை மட்டும் ஓவியர் வீட்டிலேயே தங்கும். அதை உடன் வேலை செய்யும் ஒரு பெண்ணுக்கோ, கைகால் மடங்கும் ஒரு பொம்மைக்கோ உடுத்திவிட்டு வரைவார்கள். ரூபிலியாக் என்ற சிற்பி வைத்திருந்த அப்படிப்பட்ட பொம்மை ஒன்று லண்டன் அருங்காட்சியகத்தில் பாதுகாக்கப்படுகிறது. உள்ளே உலோக எலும்புக்கூடு, வெளியே மெத்தென்ற உடம்பு, மாற்றிப் போட ஆண் பெண் உடைகள் எல்லாம் அதற்கு உண்டு.

இதைவிட ஆச்சரியம், பல படங்களில் உடையை வரைந்தது படத்தில் கையெழுத்துப் போட்ட ஓவியரே அல்ல. துணி மடிப்பு, லேஸ், பட்டின் பளபளப்பு இவற்றை மட்டும் வரையும் நிபுணர்கள் தனியாக இருந்தார்கள். அவர்களில் தலைசிறந்தவர் ஜோசப் வான் ஆகென். ஆன்ட்வெர்ப்பிலிருந்து லண்டனுக்கு வந்தவர். தாமஸ் ஹட்சன், ஆலன் ராம்சே என அன்றைய முன்னணி ஓவியர்கள் முகத்தை முடித்துவிட்டுப் படத்தை இவரிடம் அனுப்பினார்கள். வெளியூர் ஓவியர் ஒருவர் முகத்தை மட்டும் சிறு துணியில் வரைந்து அனுப்ப, வான் ஆகென் அதைப் பெரிய துணியில் ஒட்டி, உடம்பையும் உடையையும் சேர்த்துக் கொடுத்த கதையும் உண்டு. அக்கால எழுத்தாளர் ஹோரஸ் வால்போல் எழுதியதன் சாரம் இது: இங்கிலாந்தில் ஏறக்குறைய எல்லோரும் படம் வரைந்துகொள்கிறார்கள், ஏறக்குறைய எல்லா ஓவியர்களின் படங்களையும் வான் ஆகென் வரைகிறார். 1749இல் அவர் இறந்தபோது வில்லியம் ஹோகார்த் ஒரு கேலிச்சித்திரம் வரைந்தார். சவ ஊர்வலத்தில் லண்டன் ஓவியர்கள் எல்லோரும் பிழைப்பு போன துக்கத்தில் அழுதுகொண்டு போகிறார்கள்.

இந்த வேலைப் பிரிவினையால் விநோதமான விளைவு ஒன்று. பிளாண்டர்ஸ் ஓவியர் ரூபென்ஸ் தன் மனைவியை வரைந்த ஒரு படம் அப்போது இங்கிலாந்தில் ஹவுட்டன் மாளிகையில் இருந்தது. வான் டைக் வரைந்தது என்றே அதை எல்லோரும் நம்பினார்கள். அதிலுள்ள கறுப்பு உடை, லேஸ் காலர், இறகுத் தொப்பி இவற்றை வான் ஆகென் திரும்பத் திரும்ப எடுத்தாண்டார். அதனால் ஒருவரையொருவர் அறியாத பல சீமாட்டிகள், வெவ்வேறு ஓவியர்களின் படங்களில், ஒரே உடையில் நிற்கிறார்கள். அந்த உடை அவர்களில் ஒருவரின் அலமாரியிலும் இருந்திருக்க வேண்டிய அவசியமில்லை.

இது மோசடி இல்லையா என்று சிலர் கேட்பதுண்டு. எனக்கு அப்படித் தோன்றவில்லை. முகத்தை உயிரோடு கொண்டுவருவது ஒரு திறமை, பட்டின்மேல் வெளிச்சம் வழுக்குவதைக் கொண்டுவருவது வேறொரு திறமை. நாம் செய்ய வேண்டியது, இரண்டாவது கைக்காரரின் பெயரையும் சேர்த்து நினைவில் வைத்துக்கொள்வது. ரெனால்ட்ஸுக்கு உடை வரைந்தவர்களில் பீட்டர் டாம்ஸ் ஒருவர். அவரும் ராயல் அகாடமியின் தொடக்கக்கால உறுப்பினர்தான் என்பதிலிருந்து இந்த வேலைக்கு அன்று இருந்த மதிப்பு தெரியும்.

கெயின்ஸ்பரோ இதில் விலக்கு. உடையைப் பெரும்பாலும் தானே வரைந்தார். 1727இல் சஃபோக் மாவட்டத்துச் சட்பரியில், நெசவு ஊரில், துணி வியாபாரி மகனாகப் பிறந்தவர். அவர் பாத் நகரில் தொழில் செய்த காலத்தில் அக்கா மேரி அங்கே பெண்களுக்கான தொப்பியும் ரிப்பனும் விற்றுவந்தார். துணி அவர் வீட்டுப் பாஷை. இளவயதில், 1750 வாக்கில், அவர் வரைந்த ‘திரு, திருமதி ஆண்ட்ரூஸ்’ லண்டன் நேஷனல் காலரியில் இருக்கிறது. மரத்தடி பெஞ்சில் வெளிர்நீலப் பாவாடையை அகல விரித்து மனைவி, பக்கத்தில் துப்பாக்கியோடு கணவன், பின்னால் அவர்களுடைய கோதுமை வயல். மனைவியின் மடியில் மட்டும் கொஞ்சம் இடம் வரையப்படாமல் துணியாகவே நிற்கிறது. அங்கே என்ன வரவேண்டியிருந்தது என்று பலர் பலவிதமாக ஊகிக்கிறார்கள்.

பிற்காலக் கெயின்ஸ்பரோவின் உடைகளைக் கிட்டே போய்ப் பார்த்தால் கீறலும் கோடுமாகத்தான் இருக்கும். நீண்ட கைப்பிடி வைத்த தூரிகையால், பல சமயம் மெழுகுவர்த்தி வெளிச்சத்தில், மெல்லிய வண்ணத்தில் தீட்டியவை. நாலடி தள்ளி நின்றால் அந்தக் கீறல்கள் மஸ்லினாகவும் பட்டாகவும் கூடிவிடும். 1788இல் அவர் இறந்தபின், ராயல் அகாடமி உரையில் ரெனால்ட்ஸ் இதைத்தான் வியந்து சொன்னார். அருகில் குழப்பமாகத் தெரியும் அந்த விநோதக் கோடுகள், தூரத்தில் ஏதோ மந்திரம்போல் உருவம் பெறுகின்றன என்றார். இருவரும் வாழ்நாள் முழுக்கப் போட்டியாளர்கள். அந்த உரையைப் படிக்கும்போது எனக்கு எப்போதும் நெகிழ்ச்சியாக இருக்கும்.

போட்டியின் நடுவில் இருந்ததும் உடைதான். ரெனால்ட்ஸின் கவலை இது: இன்றைய நாகரிகம் நாளைக்குப் பழையதாகிவிடும், பத்து வருடம் கழித்துப் பார்ப்பவர்களுக்குப் படம் வேடிக்கையாகத் தெரியும். அதனால் பெண்களுக்கு அவர் காலம் தெரியாத, தளர்ந்து விழும் துணிகளைச் சுற்றினார்; கிரேக்கத் தேவதைகளைப் போலப் பலிபீடத்தருகே நிறுத்தினார். கௌரவத்துக்காகப் பழமையிலிருந்து கொஞ்சம், சாயலுக்காக இன்றைய உடையிலிருந்து கொஞ்சம் என்று கலப்பதுதான் சரி என்று 1776 உரை ஒன்றில் விளக்கினார். கெயின்ஸ்பரோவுக்கு இது பிடிக்கவில்லை. ஒரு சீமாட்டியின் படத்தில் சாயல் வரவில்லை என்று குறை வந்தபோது, 1771 ஏப்ரலில் அவர் கணவருக்கு எழுதினார்: ஆட்களுக்கு வேஷக்காரர்கள் மாதிரி உடை மாட்டிவிட்டு, பிறகு சாயல் வரும் என்று எதிர்பார்க்கும் வழக்கத்தைவிட அபத்தம் எதுவும் இல்லை. மனிதர்களை நாம் தினமும் பார்க்கும் உடையில் வரைந்தால்தான் அடையாளம் தெரியும் என்பது அவர் கட்சி. நீலப் பையனை வரைந்த கைதான் இந்தக் கடிதத்தையும் எழுதியது. ஒரு ஓவியர் எல்லா நேரமும் ஒரே கொள்கையில் நிற்பார் என்று எதிர்பார்க்க வேண்டாம்.

நீலப் பையன் பற்றி ஒரு பழங்கதை உண்டு. படத்தின் நடுவில் நீலம் போன்ற குளிர்ந்த நிறங்களைக் குவிக்கக் கூடாது என்று ரெனால்ட்ஸ் சொன்னாராம். அதற்குப் பதிலடியாகவே கெயின்ஸ்பரோ நீலமாகத் தீட்டினாராம். கதை நன்றாகத்தான் இருக்கிறது, ஆனால் நடந்திருக்க முடியாது. ரெனால்ட்ஸ் அந்தக் கருத்தைச் சொன்ன உரை 1778இல். படம் அதற்கு எட்டு வருடம் முந்தியது.

ஊர் பார்க்க ஒரு சுவர்

1760 வரை லண்டனில் இன்றைய அர்த்தத்தில் பொதுக் கண்காட்சி கிடையாது. படம் வரைந்தால் வீட்டுக்குப் போய்விடும். அந்த வருடம் ஓவியர்கள் கூடி முதல் கண்காட்சி நடத்தினார்கள். 1769 முதல் ராயல் அகாடமி ஆண்டுதோறும் நடத்தியது. 1780இல் அது சாமர்செட் ஹவுஸில் கூரைக் கண்ணாடி வழியே வெளிச்சம் விழும் பெரிய அறைக்கு மாறியது. நுழைவுக் கட்டணம் ஒரு ஷில்லிங். அந்த ஒரு வருடத்தில் 60,000 பேருக்கு மேல் வந்தார்கள். தரையிலிருந்து கூரை வரை, சட்டத்தோடு சட்டம் இடிக்கும்படி படங்கள். எட்டடி உயரத்தில் சுவரைச் சுற்றி ஒரு மரச்சட்டம் ஓடியது. முழு உருவப் படங்கள் அந்தக் கோட்டுக்கு மேலே போகும். தன் மெல்லிய தீட்டல் அவ்வளவு உயரத்தில் தெரியாது என்று 1784இல் மூன்று இளவரசிகள் படத்தைத் தாழ்வாக மாட்டச் சொன்னார் கெயின்ஸ்பரோ. அகாடமி மறுத்தது. அத்தோடு அங்கே படம் வைப்பதையே நிறுத்திவிட்டார்.

கண்காட்சிப் பட்டியலில் படத்தில் இருப்பவர் பெயர் வழக்கமாக இருக்காது. ‘ஒரு சீமாட்டியின் படம்’, ‘ஒரு கனவானின் படம்’, அவ்வளவுதான். யார் என்று கூட்டம் கண்டுபிடிக்கும், செய்தித்தாள் எழுதும். படம் பேச்சாகிவிடும். இந்த இடத்தில்தான் உடை ஆயுதமாகிறது.

கிட்டி ஃபிஷர் அதை முதலில் புரிந்துகொண்டவர்களில் ஒருவர். பெரிய குடும்பப் பெண் அல்ல. செல்வந்தர்களின் ஆசைநாயகியாக லண்டனில் பெயர் பெற்றவர். 1759இல் ரெனால்ட்ஸ் அவரைக் கிளியோபாட்ராவாக வரைந்தார். விருந்தில் ஆன்டனியைத் தோற்கடிக்க விலைமதிப்பற்ற முத்தைக் கோப்பையில் கரைத்துக் குடித்த அந்த ராணியாக, இரண்டு விரலுக்கிடையே முத்தைப் பிடித்தபடி இருக்கிறார். படம் இன்று லண்டன் கென்வுட் மாளிகையில் இருக்கிறது. ராணி வேடம் என்பதால் மரியாதை. ஊதாரித்தனக் கதை என்பதால் கிசுகிசு. இரண்டும் ஒரே உடையில்.

கிட்டியின் முகம் ஊரெங்கும் பரவியது அச்சுப் பிரதிகளால். இந்த அச்சு முறைக்கு மெஸோடின்ட் என்று பெயர். செப்புத் தகடு முழுவதையும் பற்கள் உள்ள ஒரு கருவியை அழுத்தி முன்னும் பின்னும் ஆட்டிச் சொரசொரப்பாக்குவார்கள். அப்படியே மை தடவி அச்சிட்டால் முழுக் கறுப்பு வரும். எங்கெங்கே வெளிச்சம் வேண்டுமோ அங்கங்கே சுரண்டிச் சுரண்டி வழவழப்பாக்க வேண்டும். இருட்டிலிருந்து உருவத்தை வெளியே எடுக்கும் வேலை. வெல்வெட், பட்டு, நிழல் இவற்றுக்கு அதைப்போல் பொருத்தமான முறை வேறில்லை. அயர்லாந்துக்காரரான ஜேம்ஸ் மெக்கார்டெல் இதில் விற்பன்னர். ‘இந்த மனிதரால்தான் நான் சாகாமல் இருப்பேன்’ என்று ரெனால்ட்ஸ் அவரைப் பற்றிச் சொன்னதாகக் கூறுவார்கள். 150 கினி கொடுக்க முடியாதவர் சில ஷில்லிங்கில் அதே படத்தை வாங்கிச் சுவரில் ஒட்டிக்கொண்டார்.

1780 கண்காட்சியில் ரெனால்ட்ஸ் வைத்த இன்னொரு படம் லேடி வொர்ஸ்லியுடையது. யார்க்ஷயரில் ஹேர்வுட் மாளிகையில் இருக்கும் இந்தப் படம்தான் என் கண்ணுக்கு அவருடைய மிகத் துணிச்சலான உடைப் படம். சிவப்புக் குதிரையேற்ற உடை, மேலே ராணுவச் சீருடையின் வெட்டு, தலையில் இறகுத் தொப்பி, கையில் சாட்டை. பிரான்ஸ் போருக்கு வந்துவிட்ட காலம் அது. உள்நாட்டுக் காவல் படைகள் முகாமிட்டிருந்தன. அதிகாரிகளின் மனைவிகள் கணவன் படையின் நிறத்திலேயே உடை தைத்துக்கொண்டு முகாமுக்குப் போனார்கள். அந்த உடை சொன்னது ‘நான் என் கணவரின் படைக்காரி’ என்று. 1782இல் அதே கணவர், மனைவி வேறொரு அதிகாரியோடு போய்விட்டதற்கு 20,000 பவுண்டு நஷ்டஈடு கேட்டு வழக்குத் தொடுத்தார். நடந்ததில் கணவருக்கும் பங்கு உண்டு என்று சாட்சிகள் காட்டியதால் நடுவர்கள் கொடுத்தது ஒரு ஷில்லிங். படத்தைப் பார்க்கும்போது இடுப்பில் வைத்த அந்தக் கையைத் தவறவிடாதீர்கள்.

டெவன்ஷயர் டச்சஸ் ஜார்ஜியானாவைப் பற்றித் தனியாகவே எழுதலாம். கெயின்ஸ்பரோ 1785க்குப் பிறகு அவரை அகலமான கறுப்புத் தொப்பியோடு வரைந்தார். அந்த மாதிரித் தொப்பிக்கே ‘கெயின்ஸ்பரோ தொப்பி’ என்று பெயர் நிலைத்துவிட்டது. பிற்காலத்தில் அந்தப் படம் ஒரு பள்ளி ஆசிரியையிடம் போய்ச் சேர, கணப்புக்கு மேலே மாட்டக் கால் பகுதியை வெட்டிக் குறுக்கிவிட்டார்கள். 1876இல் ஏலத்தில் 10,100 கினிக்கு விற்றது, சில வாரத்தில் திருடு போனது, 1901இல்தான் கிடைத்தது. இப்போது சாட்ஸ்வொர்த் மாளிகையில்.

பெரிய மனிதர்களைத் தாண்டியும் பார்க்க வேண்டும். மாண்டேகு பிரபுவின் வீட்டில் பணியாளாக இருந்த ஆப்பிரிக்கர் இக்னேஷியஸ் சாஞ்சோவைக் கெயின்ஸ்பரோ 1768 நவம்பர் 29 அன்று பாத் நகரில் வரைந்தார். படத்தோடு வந்த குறிப்பின்படி ஒரு மணி நாற்பது நிமிடத்தில் முடித்த படம். அன்றைய ஆங்கிலேயப் படங்களில் கறுப்பின மக்கள் பெரும்பாலும் எஜமானர் பக்கத்தில், வேலையாள் சீருடையில், தட்டு ஏந்தியபடிதான் வருவார்கள். சாஞ்சோ அப்படி இல்லை. தங்கக் கரை வைத்த சிவப்பு இடையங்கி. அதற்குள் ஒரு கையைச் செருகிய நிலை. அந்த நிலை அக்காலக் கனவான்களுக்கு நடன ஆசிரியர்கள் சொல்லிக்கொடுத்த மரியாதை நிலை. ஒட்டாவாவில் கனடா தேசியக் காலரியில் இருக்கும் இந்தச் சிறிய படத்தில் அந்த ஒரு கை செய்கிற வேலை எனக்குப் பல முழு உருவப் படங்களைவிடப் பெரிதாகப் படுகிறது.

பசிபிக் தீவான ராயட்டேயாவிலிருந்து 1774இல் இங்கிலாந்துக்கு வந்த மாய் என்ற இளைஞரை ரெனால்ட்ஸ் வரைந்தது வேறு கதை. வெறுங்கால், கையில் பச்சை குத்திய அடையாளங்கள், நீண்ட வெள்ளை அங்கி, தலைப்பாகை. அந்த அங்கி மாயின் ஊர் உடை என்பதைவிட, ரெனால்ட்ஸ் மனதில் இருந்த ரோமானிய வீரரின் அங்கிக்குக் கிட்டத்தில் இருக்கிறது. படம் கம்பீரமானது என்பதில் சந்தேகமில்லை. அதில் எவ்வளவு மாய், எவ்வளவு ரெனால்ட்ஸ் என்பதைத்தான் உடை நம்மிடம் கேட்கிறது. 2023இல் லண்டன் தேசிய உருவப்படக் காலரியும் அமெரிக்காவின் கெட்டி நிறுவனமும் சேர்ந்து அதை 5 கோடி பவுண்டுக்கு வாங்கின.

இந்தக் கலைக்கும் நம் சென்னைக்கும் நேரான தொடர்பு ஒன்று உண்டு. லண்டனில் ரெனால்ட்ஸ் பாணியில் வரைந்துவந்த டில்லி கெட்டில் 1769இல் மதராஸுக்குக் கப்பலேறி வந்தார். பெயர் பெற்ற ஆங்கிலேய உருவப்பட ஓவியர்களில் இந்தியாவில் தொழில் செய்ய முதலில் வந்தவர் அவர்தான். ஆற்காட்டு நவாப் முகமது அலி கான் வாலாஜா அவர் முன் நின்றார். நிற்கிற விதம், படத்தின் அளவு எல்லாம் லண்டன் வழக்கம். உடை மட்டும் நவாபுடையது: மெல்லிய வெள்ளை மஸ்லின் அங்கி, முத்தும் நகைகளும், கையில் வாள். கம்பெனிக்காரர்களிடம் கடன்பட்டிருந்த ஓர் அரசர், அவர்களுடைய ஓவிய மொழியிலேயே ‘நான் அரசன்’ என்று சொல்லிக்கொண்ட படம் அது.

கடைசியாக ஒரு செய்முறைப் பயிற்சி. சாரா சிடன்ஸ் அக்கால லண்டன் மேடையின் மாபெரும் நடிகை. ரெனால்ட்ஸ், கெயின்ஸ்பரோ இருவருமே அவரை அடுத்தடுத்து வரைந்தார்கள். இரண்டு படத்தையும் திரையில் பக்கத்தில் பக்கத்தில் திறந்து வைத்துக்கொள்ளுங்கள்.

கெயின்ஸ்பரோவின் 1785 படம் லண்டன் நேஷனல் காலரியில். நீலக் கோடு போட்ட நவநாகரிக உடை, இறகு வைத்த பெரிய கறுப்புத் தொப்பி, மாவு தூவிய தலைமுடி, மடியில் கைகளை நுழைத்துக்கொள்ளும் மென்மயிர் உறை. நாடகமே இல்லை. சாயங்காலம் ஒரு வீட்டுக்கு வந்த பெரிய மனுஷி. மூக்கு மட்டும் கெயின்ஸ்பரோவைப் படாதபாடு படுத்தியது. இந்த மூக்குக்கு முடிவே இல்லையே என்று அலுத்துக்கொண்டாராம்.

ரெனால்ட்ஸின் 1784 படம் கலிபோர்னியாவில் ஹண்டிங்டன் காலரியில், நீலப் பையன் இருக்கும் அதே இடத்தில். இங்கே சிடன்ஸ் துன்பியல் நாடகத்தின் தேவதை. மேகத்தின் நடுவே சிம்மாசனம், பின்னால் இருட்டில் இரண்டு உருவங்கள், எந்தக் காலத்தையும் சேராத கனத்த பழுப்பு உடை. அவருடைய கொள்கை முழுவதும் இந்த ஒரு படத்தில் இருக்கிறது. வேறு பல படங்களில், முகத்துக்கு அவர் பயன்படுத்திய சிவப்புச் சாயம் சீக்கிரமே வெளுத்து, கன்னங்கள் வெளிறிவிட்டன. துணிகள் அப்படியே நிற்கின்றன. முகமே கலை, துணி துணைவேலை என்று நினைத்த ஒருவருக்கு நேர்ந்தது இது.

இப்போது படத்தைப் பெரிதாக்கிக் கீழே வாருங்கள். சிடன்ஸின் உடைக் கரையில், தையல்காரர் பூவேலை செய்ததைப் போல எழுத்துகள் தெரியும். ரெனால்ட்ஸ் தன் பெயரை அங்கே எழுதியிருக்கிறார். அவர் படத்தில் கையெழுத்துப் போடுவது மிக அரிது. இது என்ன என்று சிடன்ஸ் குனிந்து பார்த்தபோது, உங்கள் உடைக் கரையைப் பிடித்துக்கொண்டே வருங்காலத்துக்குப் போய்விடத் தீர்மானித்துவிட்டேன் என்று சொன்னாராம்.